டிக்கி மூடுமுன் அக்கா சொல்வதைக் கேள்

ஆறு பேர், ஒரே வண்டி, மே மாத வெயில், சென்னையிலிருந்து ஊட்டி. நீ போனில் படித்துக் காட்டிய லிஸ்ட்டில் ஒரு குறையும் இல்லை தங்கச்சி. பல் விளக்கும் பிரஷ்ஷிலிருந்து மாமாவின் மூக்குக் கண்ணாடி வரை எல்லாம் வந்துவிட்டது. எனக்குக் கவலை அதைக் கட்டப்போகிற விதத்தைப் பற்றித்தான். "அவருக்கு ஒரு பெட்டி, எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பெட்டி, அத்தை மாமாவுக்கு ஒரு பெட்டி" என்றாய். ரயிலுக்கு அது சரி. சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். காரில் டிக்கிக்குள் போனது போனதுதான். உளுந்தூர்பேட்டை தாண்டிப் பெரியவன் சட்டையில் வாந்தி எடுத்தான் என்றால், அவன் மாற்றுச் சட்டை இருக்கும் பெட்டி மற்ற எல்லாப் பெட்டிக்கும் அடியில் இருக்கும். நட்ட நடு ஹைவேயில் டிக்கியைக் காலி செய்து, லாரி போகிற வேகத்தில் புடவை பறக்க நின்றுகொண்டு தேட வேண்டும்.

அதனால் ஆளுக்கொரு பெட்டி வேண்டாம். வேளைக்கொரு பை கட்டு. எந்தச் சாமான் எந்த நேரத்தில், வண்டி ஓடும்போதா நிற்கும்போதா, யார் கைக்கு வேண்டும் என்று மட்டும் யோசி. பை தானாகப் பிரிந்துவிடும்.

உங்கள் பயணத்துக்கு ஐந்து பை போதும். வண்டி ஓடும்போதே கை நீட்டி எடுக்க ஒரு தோள்பை. வண்டி நின்றதும் எடுக்கச் சாப்பாட்டுக் கூடை. ராத்திரி தங்கும் இடத்துக்கு ஒரு பை. மலை ஏறும்போது பிரிக்க ஒரு பை. ஊட்டி போய்ச் சேர்ந்த பிறகே திறக்கப்போகிற மிச்சம் எல்லாம் ஒன்றில். டிக்கியில் ஏற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாக ஏற்று. கடைசியில் வேண்டியது முதலில் உள்ளே போகும். முதலில் வேண்டியது கதவை ஒட்டி இருக்கும்.

ராத்திரிப் பையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் தனியாகக் கட்டுவதில்லை. சென்னையிலிருந்து ஊட்டி 550 கிலோமீட்டர் சொச்சம். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், பவானி, அவிநாசி என்று போய் மேட்டுப்பாளையம் சேரும்போது, பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் என்றால், சாயங்காலம் ஆகிவிடும். அதற்கு மேல் இருட்டில் மலை ஏற வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ தங்கிவிட்டு விடியற்காலையில் ஏறுங்கள். அந்த ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு செட் துணி, உன் நைட்டி, மாமாவுக்கு லுங்கி, பிரஷ், பேஸ்ட், சோப்பு, ராத்திரி மாத்திரை, சார்ஜர், பாப்பாவின் டயபர் நாலைந்து. எல்லாம் ஒரே பையில். லாட்ஜுக்குள் உன் தோள்பையோடு அந்த ஒரு பை மட்டும் போகட்டும். ஆறு பேரின் மொத்த மூட்டையையும் மாடிப்படி ஏற்றி, மறுநாள் காலையில் இறக்கி, மறுபடி டிக்கியில் அடுக்குவதில்தான் பாதிச் சண்டை வருகிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதிலேயே வை. லாட்ஜ் ரூமில் கட்டில் பக்கத்தில் உருப்படியாக ஒரு பிளக் பாயின்ட் இருந்தாலே அதிர்ஷ்டம். உங்களிடம் போன் மட்டும் நாலு இருக்கிறது.

உட்காரும் இடம்

பை கட்டுவதற்கு முன்னால் யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்பது தெரிய வேண்டும். உங்களுடையது ஏழு சீட்டு வண்டி என்று நிம்மதியாக இருக்காதே. மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் இரண்டு பள்ளிக்கூடப் பை வைக்கத்தான் இடம் இருக்கும். நல்ல வேளை, எர்டிகா மாதிரி வண்டிகளில் அந்த வரிசையைப் பாதி மடக்கலாம். ஒரு பாதியை மடக்கிப் பைகளை அடுக்கு. மறுபாதியில் நீ உட்கார்.

அத்தை "நீ ஏன் பின்னால போற?" என்பார். மரியாதைக்குக் கேட்பதுதான். சாமான் இருக்கும் இடத்தில் நீ இருந்தால் எல்லாருக்கும் வேண்டியதை எடுத்துக் கொடுக்கலாம். நடு வரிசையில் பாப்பாவின் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்தால் அவள் அழுதாலும் உன் கை எட்டும். பின் வரிசையில்தான் ஆட்டம் அதிகம், ஆனால் உனக்கு வாந்தி வராது, அது அப்பா வழியில் வந்த வரம். பெரியவனுக்கு அந்த வரம் கிடையாது. அவனை நடு வரிசையில் நடுவில் உட்கார வை. முன் இரண்டு சீட்டுக்கும் இடையில் அவனுக்கு ரோடு தெரிய வேண்டும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஓடுகிறோம்" என்கிறது, செல்போனைப் பார்க்கும் கண் "அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. மூளை குழம்புவதால்தான் வாந்தி. கண்ணும் ரோட்டைப் பார்த்தால் குழப்பம் குறையும். மாமாவுக்கு முழங்கால் வலி என்பதால் முன் சீட்டு அவருக்கு. ஏறி இறங்க அவருக்கு ஒரு குட்டி பிளாஸ்டிக் முக்காலியை எடுத்து வை. குளியலறையில் போட்டிருப்பாயே, அதேதான். அவர் சீட்டுக்கு அடியில் நிற்கும்.

பெல்ட் விஷயத்தில் கறாராக இரு. பின் சீட்டில் பெட்ஷீட் விரிக்கும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. விரித்தால் பெல்ட் மாட்டும் கொக்கி அடியில் போய்விடும், பிறகு யாரும் தேடி எடுத்து மாட்டுவதில்லை. பெட்ஷீட்டைப் போர்த்திக்கொள்ள மட்டும் கொடு. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதத்தை விடு. மடியில் வைத்திருக்கும் குழந்தையைத் திடீர் பிரேக்கில் எந்த அம்மாவின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பாப்பாவின் குழந்தை சீட்டை ஒரு வாரம் முன்னாலேயே மாட்டி, ஊருக்குள் ஓட்டிப் பழக்கு. புறப்படுகிற காலையில் புதிதாக உட்காரவைத்தால் தாம்பரம் வரைக்கும் அலறுவாள்.

கைக்கு எட்டும் பை

தோள்பையில் என்னென்ன? மாற்றுச் சட்டை பெரியவனுக்கு இரண்டு, பாப்பாவுக்கு இரண்டு. ஒரு துண்டு. ஈர டிஷ்யூ. டயபர் இரண்டு. கைகழுவும் திரவம். உனக்கும் அத்தைக்கும் வேண்டிய நாப்கின், பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. தலைவலி, காய்ச்சல் மாத்திரை. ஒரு டார்ச். சில்லறை, பத்து ரூபாய்த் தாளாக.

வாந்திக்கு எல்லாரும் பிளாஸ்டிக் கவர் வைப்பார்கள். நீ பழைய ஐஸ்கிரீம் டப்பா மூன்று, மூடியோடு எடுத்துக்கொள். கவர் ஓட்டையாகும், சாயும், நாறும். டப்பாவை மூடிவிட்டால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை தாங்கும். உள்ளே செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு வை. மலையில் கேரி பேக் பறிமுதல் செய்வார்கள் என்பதும் ஒரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

வாந்தி மாத்திரையை வளைவு ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே உள்ளே போயிருக்க வேண்டும். அதாவது லாட்ஜை விட்டுக் கிளம்பும்போதே. பெரியவனுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள், பாப்பாவுக்குக் கேட்காமல் எதுவும் கொடுக்காதே. இந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும். மாப்பிள்ளை பக்கமே போகக் கூடாது. கூடவே காய்ந்த நார்த்தங்காய், எலுமிச்சம்பழம் இரண்டு, இஞ்சி மரப்பா. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறுவதும் தப்பு, வெறும் வயிற்றோடு ஏறுவதும் தப்பு. இரண்டு இட்லி போதும்.

இந்தப் பையிலேயே அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றை மடித்து வை. கேட்டால் சிரிப்பாய். ஜன்னல் கண்ணாடியில் சொருகினால் வெயில் மறைப்பு. ஏசி அதிகமானால் போர்வை. பாப்பா நனைத்துவிட்டால் துடைக்க. ரோட்டோரம் கழிவறை கிடைக்காத இடத்தில் இரண்டு கதவுக்கும் நடுவில் பிடித்தால் மறைப்பு. நைந்துபோன நூல் துணி என்பதால் ஒரு மணி நேரத்தில் காயும். இதற்காகக் கடையில் விற்கும் எந்தச் சாமானும் இத்தனை வேலை செய்யாது.

தண்ணீர் பாட்டில் ஒன்றுகூட டிரைவர் காலடியில் இருக்கக் கூடாது. உருண்டு பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். மாமாவின் கழற்றிய செருப்புக்கும் அதே சட்டம்.

சாப்பாட்டுக் கூடை

இதில் நீ என்னோடு சண்டை போடுவாய். பூரி கிழங்கு கட்டப்போவதாகச் சொன்னாய். வேண்டாம். வெங்காயம் வதக்கிய உருளைக்கிழங்கு மே மாத வெயிலில் மூடிய டப்பாவுக்குள் மத்தியானம் வரை நிற்காது. தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் மட்டும் வீட்டிலிருந்து வரட்டும், ராத்திரிக்கு ஓட்டலில் சூடாகச் சாப்பிடுங்கள்.

காலைக்கு இட்லி. ஆறின இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி அடுக்கு. பிள்ளைகளுக்குக் காரம் இல்லாத பருப்புப் பொடி, தனி டப்பா. எண்ணெய்க் கஞ்சத்தனம் பண்ணினால் இட்லி தொண்டையை அடைக்கும். சட்னி, சாம்பார், கிண்ணம், கரண்டி எதுவும் வேண்டாம். திண்டிவனம் தாண்டி ஒரு மர நிழலில் நின்று பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

மத்தியானத்துக்குப் புளியோதரை. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுக்க ஆறிய பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்க்கும், அந்தத் தண்ணீர் சொட்டித்தான் சாதம் ஊசிப் போகிறது. தயிர்சாதத்துக்கு அத்தை சொல்லும் முறைதான் சரி. சாதத்தைக் குழைத்துக் காய்ச்சி ஆறிய பால் நிறைய விட்டு, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும். மத்தியானத்துக்குள் அதுவே தோய்ந்து புளிக்காமல் இருக்கும். ஆனால் மத்தியானத்தோடு அதை முடித்துவிடுங்கள். மிஞ்சினால் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைக்காதே. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெளியே இருப்பதைவிடச் சூடு எவ்வளவு ஏறும் என்று உனக்கே தெரியும்.

தொட்டுக்கொள்ள வடகம், வறுத்த அப்பளம், மாவடு. சிப்ஸ் பாக்கெட் வாங்கினால் வழியிலேயே தீர்த்துவிடுங்கள், மலைக்கு மேலே அது ஊதிப் புடைத்து நிற்கும்.

நொறுக்குத் தீனிக்குப் பெரிய டப்பா ஒன்று கொடுத்துவிடாதே, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு குட்டி டப்பா தனித்தனியாக. கடலை மிட்டாய், தட்டை, பொரி, விதை எடுத்த பேரீச்சை. வெள்ளரிக்காயை வெட்டாமல் எடுத்துப் போ, அங்கேயே வெட்டிக்கொள்ளலாம். சாக்லேட்டும் கிரீம் பிஸ்கெட்டும் சேலம் வெயிலில் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாழைப்பழம் எடுத்தால் எல்லாவற்றுக்கும் மேலே வை. அடியில் வைத்தால் பை முழுக்க அதன் வாசனைதான்.

தட்டுக்குப் பதில் வாழையிலையைத் துண்டாக்கி, அடுப்பில் லேசாக வாட்டித் துடைத்துச் சுருட்டிக்கொள். வாட்டினால் கிழியாது. வாடகைக்கு எடுத்த மாதிரி எட்டு எவர்சில்வர் தட்டைக் கட்டிக்கொண்டு போய் யார் கழுவுவது? தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன் வேண்டாம், கவிழும். ஐந்து லிட்டர் எவர்சில்வர் தூக்கோ ஃபிளாஸ்க்கோ ஒன்று, ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில். பெட்ரோல் பங்குகளில் குடிதண்ணீர் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு நம் வீட்டுத் தண்ணீரையோ சீல் பிரிக்காத கேன் தண்ணீரையோதான் கொடு.

ஸ்டீல் பாட்டில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நீலகிரியில் அதற்கு மேலும் கறார். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில்கூட அங்கே கூடாது. மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள், இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் ஒரு டஜன் பாட்டில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடு. மேலே ஊரில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், சில்லறையைப் போட்டு நம் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். குப்பைக்கு ஒரு மஞ்சப்பை தனியாக வை. பர்லியாறு பக்கம் குரங்குகள் ரோட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை இறக்கிக்கொண்டு யாரும் எதையும் சாப்பிட வேண்டாம், தூக்கியும் போட வேண்டாம். பாப்பாவின் கையில் பிஸ்கெட் இருந்தால் குரங்கு உள்ளே கை நீட்டும்.

மாமாவின் மருந்து

மருந்துப் பையை யாரிடமும் கொடுக்காதே, உன் தோள்பைக்குள் ஒரு தனிப் பை. மாமாவின் இன்சுலின் பேனாவை டேஷ்போர்டிலோ கதவுப் பக்கமோ வைக்கவே கூடாது. பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலினில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நாலு வாரம் நன்றாகத்தான் இருக்கும். பிரிக்காததுதான் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதற்காக ஐஸ் கட்டி மேலேயே வைத்துவிடாதே, உறைந்த இன்சுலின் வீண், உருகினாலும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒரு சின்ன அகல வாய் ஃபிளாஸ்க் போதும். சாப்பிட நிற்கும்போது வண்டியோடு விட்டுவிட்டுப் போகாமல் கையோடு எடுத்துப் போ. சாப்பாடு எங்கே, எத்தனை மணிக்கு என்று உறுதியான பிறகுதான் ஊசி. அரை மணியில் ஓட்டல் வந்துவிடும் என்று நம்பிப் போட்டுவிட்டு டிராஃபிக்கில் மாட்டினால் சர்க்கரை இறங்கிவிடும். இதற்காகவே குளுக்கோஸ் மாத்திரையோ நாலு சர்க்கரைக் கட்டியோ அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

அத்தையின் பிரஷர் மாத்திரையில் நீர் பிரியவைக்கும் வகை இருந்தால், பயண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். அவராக நிறுத்திவிடப் போகிறார், பார்த்துக்கொள். வழியில் அடிக்கடி இறங்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரும் குடிக்க மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும் என்று கிளம்பும்போதே எல்லார் முன்னாலும் மாப்பிள்ளை அறிவித்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். டோல்கேட்டுகளிலும் பங்குகளிலும் கழிவறை இருக்கிறது, சுத்தம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். இறங்கும்போது உன் தோள்பையை எடுத்துப் போ. அதில் கைகழுவும் திரவமும் ஈர டிஷ்யூவும் பேப்பரும் இருக்கும்.

ஓஆர்எஸ் நாலு பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று கொட்டினால் உப்பு அளவு மாறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆரஞ்சுப் படம் போட்டு அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புத் தண்ணீர் வேறு, இது வேறு. எல்லார் மருந்துச் சீட்டையும் போனில் படம் எடுத்துக்கொள், ஒரு நகல் பேப்பரிலும் இருக்கட்டும்.

மலைப் பை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இரண்டு மணி நேரத்தில் கீழே இருக்கும் புழுக்கத்திலிருந்து ஸ்வெட்டர் குளிருக்குப் போய்விடுவீர்கள். மே மாதத்திலும் ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இறங்கும். குன்னூர் வந்ததும் பாப்பாவுக்கு மூக்கு ஒழுகும். அப்போது ஸ்வெட்டர் கைக்கு வர வேண்டும், அதற்குத்தான் இந்தத் தனிப் பை. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், சாக்ஸ், மாமாவுக்கும் பாப்பாவுக்கும் குரங்குக் குல்லாய். கனமான ஜாக்கெட் ஒன்றைவிட மெல்லியது இரண்டு நல்லது, பகல் வெயிலில் ஒன்றைக் கழற்றலாம். மத்தியானத்துக்கு மேல் மழை வரலாம், குடை இரண்டு. தாவரவியல் பூங்காவில் மேடும் பள்ளமும்தான், ஈரப் புல்லில் ரப்பர் செருப்பு வழுக்கும். அத்தைக்குப் பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடு, புதுசைப் போட்டுக்கொண்டு கிளம்பாமல் முன்னாலேயே பழகட்டும்.

மேலே காற்றழுத்தம் குறைவு. ஷாம்பு, தேங்காய் எண்ணெய், ஊறுகாய் எதையும் விளிம்பு வரை நிரப்பி மூடாதே, மலையில் திறந்தால் பொங்கி வழியும். குன்னூரில் டீ குடிக்க நிற்கும்போது மூடிகளை ஒருமுறை லேசாகத் திறந்து மூடு. இறங்கும்போது தலைகீழ். மேலே இறுக மூடிய டப்பா கீழே வந்ததும் திறக்க வராமல் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குக் காது அடைத்தால் எதையாவது மென்று விழுங்கச் சொல்.

வண்டிக்கு வேண்டியது

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. டயரில் எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் அந்தச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள், அதன்படி டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். ஸ்டெப்னியிலும் பிடிக்கச் சொல். சில வண்டியில் ஸ்டெப்னி அடியில் தொங்கும், ஆனால் அதை இறக்கும் ராடும் ஜாக்கியும் டிக்கிக்குள்தான். அதற்கு மேல் பையை அடுக்கினால் பஞ்சர் ஆன இடத்தில் எல்லாவற்றையும் ரோட்டில் இறக்க வேண்டும். கனமான பை கீழே, சீட்டு முதுகை ஒட்டி. கண்ணாடி மறையும் அளவுக்கு மேலே எதுவும் போகக் கூடாது. பின்கண்ணாடி ஓரத்தில் டப்பா, குடை எதுவும் வேண்டாம், பிரேக் போட்டால் அது முன்னால் இருப்பவர் பிடரிக்கு வரும். மேலே கேரியர் போட்டால் துணிப் பைகள் மட்டும், தார்ப்பாயோடு. கனம் மேலே ஏறினால் வளைவில் வண்டி சாயும்.

முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஜம்பர் கேபிள், ஒரு பழைய துணி, கையுறை. இன்னொரு சாவி உன்னிடம், டிக்கிக்குள் இருக்கும் பையில் அல்ல. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் பேப்பரில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் போடு.

ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நாலும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆனால் மலையில் சிக்னல் போய்விடும், நகல் ஒன்று கையில் இருக்கட்டும். ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்தாயா? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். காசு கிடையாது, அரசு தளத்தில் வண்டி எண்ணும் எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்பதும் கொடுத்தால் வந்துவிடும். கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைக்கிறார்கள், கிளம்புகிற அன்று எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. எடுத்ததும் அச்சடித்து வை. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தைய நாள் பார்க்கச் சொல். இல்லாமல் போய் நின்றால் கூடுதல் கட்டணம், 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. தங்குமிடத்தில் பெரியவர்கள் எல்லாருடைய ஆதாரும் கேட்பார்கள். பெரியவன் சட்டைப் பையில் உன் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று, பாப்பாவுக்குச் சட்டையின் உள்பக்கம் பின் குத்திவிடு. பூங்காக் கூட்டத்தில் அதுதான் பேசும்.

விட்டுவிட்டுப் போக வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று அத்தை ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே வேறு பேச்சு பேசு. ஆளுக்கு நாலு ஜோடிச் செருப்பு வேண்டாம். நகையும் பட்டும் எதற்கு, கல்யாணத்துக்கா போகிறீர்கள்? ஹேர் டிரையர் எல்லா நல்ல ஓட்டலிலும் கேட்டால் தருவார்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறை வீட்டுப்பாடப் புத்தகம் நிச்சயமாக வேண்டாம், வளைவில் படித்தால் அந்த ஐஸ்கிரீம் டப்பாதான்.

காலிப் பை ஒன்றை மடித்து ராத்திரிப் பைக்குள் வை. திரும்பும்போது அழுக்குத் துணி எல்லாம் அதில் போகும், வீட்டுக்கு வந்ததும் நேரே வாஷிங் மெஷினுக்கு. வீட்டுச் சாக்லேட் வாங்கினால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் குழையும். ஸ்வெட்டர்களுக்கு நடுவில் பொதித்து, வெயில் படாத பக்கம் வை. வர்க்கி நொறுங்கும், அதனால் எல்லாவற்றுக்கும் மேலே. எனக்கு டீத்தூள் அரைக் கிலோ வாங்கி வா. நீலகிரித் தைலம் வாங்கினால் அதை டீத்தூளோடு ஒரே பையில் போட்டுவிடாதே, டீத்தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தைலத்தை முன்பக்கம் மாமாவிடம் கொடுத்துவிடு, முழங்காலுக்கு அவர் வழியிலேயே பாதியைத் தீர்த்துவிடுவார்.